டங்ஸ்டன் ஆக்ஸிகுளோரைடு: ஆக்சிஜன் எத்தனை, எங்க உக்காந்திருக்கு?

டங்ஸ்டன் ஆக்ஸிகுளோரைடுன்னு சொன்னதும் ஆளாளுக்கு ஒண்ணு நினைச்சுக்கிறாங்க. டங்ஸ்டன் ஆக்சைடையும் டங்ஸ்டன் குளோரைடையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கின பொடின்னு கொஞ்சப் பேர், ப்ளீச்ல இருக்கிற மாதிரி ஆக்சிஜனும் குளோரினும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும்னு கொஞ்சப் பேர், இன்னும் சில பேர் குளோரைடு காத்து பட்டு ஆக்சிடைஸ் ஆயிடுச்சுன்னா அதுதான் இதுன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. மூணுமே தப்பு. அதுலயும் மூணாவது தப்பு ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு, படிச்சவங்களே சொல்றாங்க.

இதை லேப்ல எப்படி செய்றாங்க, செஞ்சது அதுதானான்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்கன்னு புரியணும்னா ரெண்டே கேள்வி போதும். ஒரு டங்ஸ்டன் அணுவுக்கு எத்தனை ஆக்சிஜன் இருக்கு? அந்த ஆக்சிஜன் எங்க உக்காந்திருக்கு? செய்முறை எல்லாம் முதல் கேள்விக்கான கணக்கு, சோதனை பாதி முதல் கேள்விக்கு மீதி ரெண்டாவது கேள்விக்கு.

ஆறு சீட் கணக்கு

டங்ஸ்டனை ஆறு சீட் இருக்கிற ஒரு வண்டின்னு வெச்சுக்கோங்க. குளோரின் ஏறினா ஒரு சீட்ல உக்காரும். ஆக்சிஜன் ஏறினா எப்பவும் ரெண்டு சீட் பிடிக்கும். அவ்ளோதான் விதி.

ஆறு குளோரின் ஏறினா வண்டி ஃபுல், அது டங்ஸ்டன் ஹெக்ஸாகுளோரைடு. ரெண்டு குளோரினை இறக்கிட்டு ஒரு ஆக்சிஜனை ஏத்தினா ஒரு ஆக்சிஜன், நாலு குளோரின், இதுக்கு டங்ஸ்டன் ஆக்ஸிடெட்ராகுளோரைடுன்னு பேரு. இன்னும் ரெண்டு குளோரினை இறக்கினா ரெண்டு ஆக்சிஜன், ரெண்டு குளோரின், இது டங்ஸ்டன் டையாக்ஸிடைகுளோரைடு. கடைசி ரெண்டு குளோரினும் போயிட்டா மூணு ஆக்சிஜன் மட்டும் மிஞ்சும், அதுதான் டங்ஸ்டன் ட்ரையாக்சைடு. பேரு வாய்ல நுழையாது, அதனால நடுவுல இருக்கிற ரெண்டையும் இனிமே "ஒத்தை ஓ", "ரெட்டை ஓ"ன்னே சொல்றேன், லேப்ல யாரும் இப்படி சொல்ல மாட்டாங்க, நமக்குள்ள ஒரு வசதிக்கு.

கவனிக்க வேண்டியது, நாலுலயும் ஆறு சீட்டும் நிறைஞ்சுதான் இருக்கு. ஆக்சிஜனேற்ற எண்ணுன்னு ஒண்ணு படிச்சிருப்பீங்க, ஒரு அணு தன் எலக்ட்ரான்ல எத்தனையை மத்தவங்களுக்கு விட்டுக் கொடுத்ததா கணக்குல எழுதுறோமோ அந்த எண்ணிக்கை. ஆக்சிஜனுக்கு கழித்தல் 2, குளோரினுக்கு கழித்தல் 1. ஒத்தை ஓ-வுக்கு ஒரு 2-ம் நாலு 1-ம் சேந்து 6, ரெட்டை ஓ-வுக்கு ரெண்டு 2-ம் ரெண்டு 1-ம் சேந்து அதே 6. அப்போ டங்ஸ்டன் நாலு இடத்துலயும் +6 தான், கூடவும் இல்ல குறையவும் இல்ல. ஹெக்ஸாகுளோரைடு ஒத்தை ஓ-வா மாறுறப்ப டங்ஸ்டன் ஆக்சிஜனேற்றமே ஆகல, சும்மா ஆள் மாறியிருக்கு. அது மட்டுமில்ல, +6 தான் டங்ஸ்டனோட உச்சம், அதுக்கு மேல ஆக்சிடைஸ் ஆக அதுகிட்ட எலக்ட்ரானே கிடையாது.

இன்னொண்ணு, ஆக்சிஜனும் டங்ஸ்டன்லதான் உக்காந்திருக்கு, குளோரினும் டங்ஸ்டன்லதான் உக்காந்திருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடுறதே இல்ல. அதனால ப்ளீச் மாதிரின்னு நினைக்கிறதையும் இங்கயே விட்டுடலாம்.

இதுவரைக்கும் பாத்தது: ஒரு ஆக்சிஜன் ஏறினா ரெண்டு குளோரின் இறங்கும், டங்ஸ்டன் +6 லயே நிக்கும், ஒத்தை ஓ-வும் ரெட்டை ஓ-வும் கலவை இல்ல, தனித்தனி சேர்மம்.

கலவை இல்லன்னு எப்படித் தெரியும்?

கண்ணுக்கே தெரியும், நிறம் வேற வேற. ஹெக்ஸாகுளோரைடு கருநீலமும் ஊதாவுமா இருட்டா இருக்கும். ஒத்தை ஓ சிவப்பும் ஆரஞ்சுமா ஊசி ஊசியான படிகம். ரெட்டை ஓ வெளிர் மஞ்சள். ட்ரையாக்சைடு எலுமிச்சை மஞ்சள். கருநீலப் பொடியையும் மஞ்சள் பொடியையும் எவ்ளோ கலக்கினாலும் சிவப்பு ஊசி வராது.

ஆக்சிஜன் ஏற ஏற நிறம் ஏன் வெளுக்குதுன்னு பாத்தா அதுவும் சுவாரசியம். +6 ல இருக்கிற டங்ஸ்டன்கிட்ட நிறம் காட்டுறதுக்கு சொந்த எலக்ட்ரான் இல்ல, அதனால குளோரின்ல இருக்கிற எலக்ட்ரான் ஒளியை வாங்கிக்கிட்டு டங்ஸ்டனுக்குத் தாவுது, இதுக்கு மின்சுமை மாற்றம்னு பேரு. குளோரின் எலக்ட்ரானை ஓரளவு லேசா விட்டுடும், ஆக்சிஜன் இறுக்கிப் பிடிச்சுக்கும், இறுக்கிப் பிடிச்சா தாவுறதுக்கு அதிக ஆற்றல் வேணும், கண்ணுக்குத் தெரியிற ஒளில பெரும்பகுதி அதுக்குப் பத்தாது. அதான் வெளிறிப் போகுது.

வெப்பமும் அதையேதான் காட்டும். டங்ஸ்டன் உலோகம் உருக 3422 டிகிரி செல்சியஸ் வேணும், உலோகங்கள்லயே அதுதான் அதிகம். ட்ரையாக்சைடு உருகவே ஏறக்குறைய 1473 டிகிரி வேணும். ஆனா ஒத்தை ஓ 211 டிகிரி பக்கத்துல உருகிடும், அதுக்குக் கொஞ்சம் மேலயே ஆவியாயிடும். இப்படி லேசா ஆவியாகுறதுதான் இந்தக் குடும்பத்தோட பெரிய பலம், சுத்தம் பண்றதும் இதை வெச்சுத்தான், பயன்பாடும் பாதி இதை நம்பித்தான்.

ரெண்டு சீட்னா எந்த ரெண்டு சீட்?

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு, கொஞ்சம் நிதானமாப் போவோம்.

ஆக்சிஜன் ரெண்டு சீட் பிடிக்கும்னு சொன்னேன், ரெண்டும் ஒரே வண்டிலன்னு சொல்லல. ஆவியா இருக்கிறப்ப ஒவ்வொரு மூலக்கூறும் தனியா பறந்துக்கிட்டு இருக்கும், அப்போ வேற வழி இல்லாம ஆக்சிஜன் ரெண்டு சீட்டையும் ஒரே டங்ஸ்டன்லயே எடுத்துக்கும். அதுதான் இரட்டைப் பிணைப்பு, அப்படி உக்காந்த ஆக்சிஜனை முனை ஆக்சிஜன்னு சொல்லலாம். ஒத்தை ஓ ஆவில, நாலு குளோரின் ஒரு சதுரத்தோட நாலு மூலைல, உச்சில ஒரு ஆக்சிஜன், அடி அகலமான ஒரு பிரமிடு.

திடப்பொருளா குளிர்ந்து பக்கத்துல பக்கத்துல வந்ததும் ஆட்டம் மாறுது. ஆக்சிஜன் ஒரு சீட்டை இந்த வண்டில வெச்சுக்கிட்டு இன்னொரு சீட்டைப் பக்கத்து வண்டில போட்டுக்கும். இதுக்குப் பால ஆக்சிஜன்னு பேரு, ரெண்டு டங்ஸ்டனுக்கு நடுவுல பாலமா நிக்கிறதால. இப்போ எண்ணிப் பாருங்க.

ஹெக்ஸாகுளோரைடுல ஆக்சிஜனே இல்ல, அதனால பாலமும் இல்ல, திடத்துலயும் தனித்தனி மூலக்கூறாவே அடுக்கியிருக்கும். ஒத்தை ஓ-ல ஒவ்வொரு டங்ஸ்டனும் மேல ஒரு பாலம் கீழ ஒரு பாலம்னு கோத்துக்கிட்டு நீளமான சங்கிலியா நிக்கும், சுத்தி நாலு குளோரின். ரெட்டை ஓ-ல ஒவ்வொரு டங்ஸ்டனுக்கும் நாலு பக்கமும் பாலம், அப்போ அது ஒரு தாள் மாதிரி விரியும், தாளுக்கு மேல ஒரு குளோரின் கீழ ஒரு குளோரின். ட்ரையாக்சைடுல ஆறு திசையிலும் பாலம், முப்பரிமாண வலையா ஆயிடும். எதுவுமே இல்ல, சங்கிலி, தாள், வலை. ஒரு டங்ஸ்டனுக்கு எத்தனை ஆக்சிஜனோ அத்தனை பரிமாணம். இதைப் பாத்ததுக்கு அப்புறமும் யாராவது கலவைன்னு சொன்னா என்ன பண்றது.

ஒரு சின்னத் திருத்தம் மட்டும் சொல்லிடறேன், சங்கிலில ஆக்சிஜன் ரெண்டு பக்கமும் சமமா உக்காந்திருக்கும்னு நினைக்காதீங்க. ஒரு டங்ஸ்டனுக்கு நெருங்கியும் இன்னொண்ணுக்குத் தள்ளியும் இருக்கும், குட்டைப் பிணைப்பு நெட்டைப் பிணைப்புன்னு மாறி மாறி வரும். நெட்டைப் பிணைப்பு பலவீனமானது, சூடு பண்ணினா அங்கதான் அறும். சங்கிலியா இருக்கிற ஒண்ணு ஏன் 200 சொச்சம் டிகிரிலயே உருகி ஆவியாகுதுன்னு கேட்டா பதில் இதுதான்.

சுருக்கமா: ஆவில முனை ஆக்சிஜன், திடத்துல பால ஆக்சிஜன். அதே சேர்மம்தான், ஆக்சிஜன் உக்காந்திருக்கிற விதம் மட்டும் வேற.

தண்ணி பட்டா ஏன் கெட்டுப்போகுது

இந்தக் குடும்பத்துக்கே தண்ணி ஆகாது. தண்ணி மூலக்கூறு வந்தா அதோட ஆக்சிஜன் டங்ஸ்டன் மேல ஏறிடும், ரெண்டு குளோரின் ஹைட்ரஜனைக் கூட்டிக்கிட்டு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவா வெளிய போயிடும். நீராற்பகுப்புன்னு சொல்றது இதைத்தான். டங்ஸ்டனுக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு ரொம்ப உறுதியானது, அதனால திரும்பி வர்றது சுலபமில்ல. ஈரக் காத்துல மூடியைத் திறந்து வெச்சா வெள்ளையா புகையும், மூக்கைக் குத்தும், கொஞ்ச நேரத்துல சிவப்பு படிகத்து மேல மஞ்சள் படியும். அந்த மஞ்சள் டங்ஸ்டிக் அமிலம், அதாவது தண்ணியைக் கூட வெச்சுக்கிட்டு இருக்கிற ட்ரையாக்சைடு.

எவ்ளோ தண்ணி போதும்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 10 கிராம் ஹெக்ஸாகுளோரைடை முழுசா ஒத்தை ஓ-வா மாத்த வேண்டிய தண்ணி 0.45 கிராம், அதாவது ஒரு ஒம்போது பத்து சொட்டு. கண்ணாடிச் சுவத்துல ஒட்டியிருக்கிற ஈரம், காயாத கரைப்பான், சரியா மூடாத ஸ்டாப்பர் எல்லாம் சேந்தா கணிசமான பங்கை மாத்திடும். கடைல வாங்குற ஹெக்ஸாகுளோரைடுல சிவப்பு மாசு இருக்குன்னு சொல்றாங்களே, அது வேற ஒண்ணும் இல்ல, ஒத்தை ஓ தான்.

அப்போ தண்ணியை அளந்து ஊத்தியே ஒத்தை ஓ-வை செஞ்சுடலாமேன்னு தோணும். தோணாம இருந்தாத்தான் ஆச்சரியம். பிரச்சினை என்னன்னா சொட்டு விழுந்த இடத்துல தண்ணி அதிகம், அந்த இடத்துல இருக்கிறது நேரா மஞ்சள் வரைக்கும் போயிடும், தள்ளி இருக்கிறது அப்படியே மிஞ்சிடும், சராசரி சரியா இருந்தாலும் கைல கிடைக்கிறது மூணு நாலு பொருளோட குழப்பம். கூடவே ஹைட்ரஜன் குளோரைடு வேற.

அதனால வேலை எல்லாம் காத்தில்லாமத்தான். ரெண்டு கருவி. ஷ்லெங்க் லைன்னா ஒரு குழாய்ல வேக்யூம், இன்னொரு குழாய்ல காஞ்ச நைட்ரஜனோ ஆர்கானோ, குடுவையை மாத்தி மாத்தி ரெண்டோடயும் இணைச்சு உள்ள இருக்கிற காத்தை விரட்டுற ஏற்பாடு. குளோவ் பாக்ஸ்னா ஆர்கான் இல்ல நைட்ரஜன் நிரப்பின மூடின பெட்டி, அதுலயே பொருத்தியிருக்கிற கையுறைக்குள்ள கையை விட்டு வேலை செய்யணும், ஆக்சிஜனும் ஈரமும் பொதுவா ஒரு பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்குக்குக் கீழ இருக்கிற மாதிரி பாத்துப்பாங்க. கண்ணாடிச் சாமானை ஓவன்ல காய வெச்சு சூடு ஆறுறதுக்குள்ள வேக்யூம்ல போடுறது, கரைப்பானை ஈரத்தை உறிஞ்சுற மாலிக்யூலர் சீவ்ல உலர்த்துறது, இதெல்லாம் பாக்க சின்ன வேலை, தோத்துப்போற சோதனைல பாதி இங்கதான் தோக்குது.

செய்ற வழிகள்

சீட் கணக்கு புரிஞ்சவங்களுக்கு இந்தப் பகுதி ஒண்ணுமே இல்ல. ஆக்சைடு பக்கத்துலேர்ந்து ஆக்சிஜனைக் கழட்டிக்கிட்டே வரலாம், குளோரைடு பக்கத்துலேர்ந்து ஆக்சிஜனை ஏத்திக்கிட்டே போகலாம், இல்லன்னா ரெண்டையும் ஒண்ணா சூடாக்கிப் பங்கு போட விடலாம்.

ஆக்சைடு வழி: ட்ரையாக்சைடு பொடில தயோனைல் குளோரைடை ஊத்தி ரிஃப்ளக்ஸ் பண்ணுவாங்க, அதாவது கொதிச்சு மேல வர்ற ஆவியைக் குளிர வெச்சுத் திரும்ப உள்ளயே விழ விடுறது. தயோனைல் குளோரைடு 76 டிகிரி பக்கத்துல கொதிக்கும். ஒரு தயோனைல் குளோரைடு ஒரு ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு ரெண்டு குளோரினைக் கொடுத்துட்டு தான் சல்ஃபர் டைஆக்சைடா பறந்துடும். அப்போ ஒரு ட்ரையாக்சைடுக்கு ரெண்டு தயோனைல் குளோரைடு செலவானா ஒத்தை ஓ கிடைக்கும். அதிகமா ஊத்தினா கடைசி ஆக்சிஜனும் போய் ஹெக்ஸாகுளோரைடு வந்துடுமேன்னு பயப்பட வேண்டாம், ரிஃப்ளக்ஸ் சூட்டுல அந்தக் கடைசி ஆக்சிஜன் லேசுல இறங்காது, அதனால தாராளமா ஊத்திட்டு மிச்சத்தை வேக்யூம்ல இழுத்துடுவாங்க. இதோட குறை, மெதுவா நடக்கும், அதுலயும் ரொம்பச் சூடுல சுட்டு இறுகின ட்ரையாக்சைடா இருந்தா இன்னும் மெதுவு, அடியில மஞ்சளா கரையாம நிக்கும். வெளிய வர்றது சல்ஃபர் டைஆக்சைடு, தயோனைல் குளோரைடு தண்ணி பட்டா ஹைட்ரஜன் குளோரைடும் சேந்து வரும், அதனால புகையை இழுத்து வெளிய தள்ளுற ஃபியூம் ஹுட் இல்லாம, வாயுவைக் காரத்துல பிடிக்கிற ஏற்பாடு இல்லாம, அனுபவம் உள்ளவங்க பக்கத்துல இல்லாம இதைத் தொடவே கூடாது. வாயு வர்றதால மூடின பாத்திரத்துல அழுத்தம் ஏறி வெடிக்கும், அதையும் மனசுல வெச்சுக்கணும்.

குளோரைடு வழி எனக்குத் தெரிஞ்சு ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்லது. ஹெக்ஸாகுளோரைடை டைகுளோரோமீத்தேன் மாதிரி காஞ்ச கரைப்பான்ல போட்டு, ஹெக்ஸாமெத்தில்டைசைலாக்சேன்னு ஒரு திரவத்தை அளந்து விடுவாங்க. பேரைப் பாத்து மிரள வேண்டாம், ரெண்டு சிலிக்கான் தொகுதிக்கு நடுவுல ஒரு ஆக்சிஜன், அவ்ளோதான். அந்த ஆக்சிஜன் டங்ஸ்டனுக்குப் போயிடும், ரெண்டு சிலிக்கானும் ஆளுக்கொரு குளோரினை எடுத்துக்கிட்டு ட்ரைமெத்தில்சிலைல் குளோரைடு ஆயிடும், அது 57 டிகிரிலயே கொதிக்கிற பொருள், வேக்யூம் போட்டா காணாமப் போயிடும். தண்ணி செய்ற அதே வேலைதான், ஆனா ஹைட்ரஜன் குளோரைடு கிடையாது, நிதானமா நடக்கும், அளந்து ஊத்தலாம். 10 கிராம் ஹெக்ஸாகுளோரைடுக்கு சுமார் 4.1 கிராம் சைலாக்சேன் போட்டா கணக்குப்படி 8.6 கிராம் ஒத்தை ஓ வரணும். ரெண்டு மடங்கு போட்டா ரெட்டை ஓ பக்கம் போகும், அப்போ கூடவே டைமெத்தாக்சிஈத்தேன் மாதிரி ஒரு ஈதரைப் போட்டா அது டங்ஸ்டனைப் பிடிச்சுக்கிட்டு தாளா விரிய விடாம தனி மூலக்கூறாவே நிறுத்திடும், கரைப்பான்ல கரையிற ரெட்டை ஓ வேணும்னா இதுதான் வழி.

மூணாவது, பங்கு போடுற வழி. ரெண்டு பங்கு ட்ரையாக்சைடையும் ஒரு பங்கு ஹெக்ஸாகுளோரைடையும் வேக்யூம்ல மூடின கண்ணாடிக் குழாய்ல வெச்சு ஒரு முனை சூடாவும் இன்னொரு முனை கொஞ்சம் குளிர்ச்சியாவும் இருக்கிற ஃபர்னஸ்ல விடுவாங்க. மொத்தம் ஆறு ஆக்சிஜன், மூணு டங்ஸ்டன், வகுத்தா ஆளுக்கு ரெண்டு, அப்போ மூணு ரெட்டை ஓ. ஒரு பங்கு ட்ரையாக்சைடும் ரெண்டு பங்கு ஹெக்ஸாகுளோரைடும்னா மூணு ஆக்சிஜன் மூணு டங்ஸ்டன், மூணு ஒத்தை ஓ. கலக்குற விகிதமே விடையைச் சொல்லிடுது.

ஆனா ரெட்டை ஓ-கிட்ட ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரொம்பச் சூடாக்கினா அதுவே ரெண்டாப் பிரிஞ்சு ஒண்ணு ஒத்தை ஓ-வாவும் இன்னொண்ணு ட்ரையாக்சைடாவும் ஆயிடும். நாலு ஆக்சிஜனை ரெண்டு ரெண்டா வெச்சிருந்தவங்க ஒண்ணு மூணுன்னு பிரிச்சுக்கிறாங்க. அதனால ரெட்டை ஓ செய்றப்ப சிவப்பு ஊசி கொஞ்சம் கூடவே வந்தா ஆச்சரியப்பட வேண்டாம்.

சுத்தம் பண்றதுக்கு பதங்கமாதல், திடம் உருகாமலே ஆவியாகி குளிர்ந்த இடத்துல திரும்ப படிகமாகுறது. ஒத்தை ஓ முதல்ல கிளம்பிடும், ஹெக்ஸாகுளோரைடு அதுக்கு அப்புறம், ட்ரையாக்சைடு இந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. குழாய்ல சிவப்பு ஒரு பக்கம், கருநீலம் ஒரு பக்கம், மஞ்சள் பொடி கிளம்பின இடத்துலயேன்னு தனித்தனி வளையமா படியிறதைப் பாக்குறதே ஒரு அழகு.

செஞ்சது அதுதானா?

நிறத்தையும் உருகுநிலையையும் பாத்துட்டு முடிச்சுக்கிறவங்க நிறையப் பேர். எனக்கு அது போதாது.

முதல் வேலை எண்ணுறது. செஞ்ச பொருள்ல கொஞ்சத்தை மாதிரியா எடுத்து எடை பாத்து, காரக் கரைசல்ல கரைச்சு, நைட்ரிக் அமிலம் விட்டு, டங்ஸ்டனை மஞ்சள் வீழ்படிவா இறக்கி வடிகட்டி, மிச்சத்துல சில்வர் நைட்ரேட் விட்டா குளோரின் எல்லாம் வெள்ளையா சில்வர் குளோரைடா விழும், அதைக் காய வெச்சு எடை போடணும். 1 கிராம் ஹெக்ஸாகுளோரைடுக்கு 2.17 கிராம் சில்வர் குளோரைடு வரணும். ஒத்தை ஓ-வுக்கு 1.68 கிராம். ரெட்டை ஓ-வுக்கு, தற்செயலாத்தான், கிட்டத்தட்ட சரியா 1 கிராம், எவ்ளோ போட்டீங்களோ அவ்ளோ திரும்பி வரும், ஞாபகம் வெச்சுக்க சுலபம். டங்ஸ்டனை சுட்டு ட்ரையாக்சைடாக்கி எடை போட்டா ஒத்தை ஓ-வுக்கு 0.68 கிராம், ரெட்டை ஓ-வுக்கு 0.81 கிராம்.

எண்ணிக்கை சரியா வந்துடுச்சுன்னு குதிக்காதீங்க. ஒரு மூலக்கூறு ஹெக்ஸாகுளோரைடையும் ஒரு மூலக்கூறு ரெட்டை ஓ-வையும் சேத்து எண்ணிப் பாருங்க. ரெண்டு டங்ஸ்டன், ரெண்டு ஆக்சிஜன், எட்டு குளோரின். ரெண்டு ஒத்தை ஓ-வை எண்ணினாலும் அதேதான். அப்போ பாதிக்குப் பாதி கலவையும் சுத்தமான ஒத்தை ஓ-வும் தராசுல ஒரே விடை கொடுக்கும். எண்ணுறது மட்டும் போதாது, எங்க உக்காந்திருக்குன்னும் பாக்கணும்.

அதுக்கு ஐஆர் நிறமாலை. அணுக்களுக்கு நடுவுல இருக்கிற பிணைப்பு ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு வேகத்துல அதிரும், அந்த வேகத்துக்குப் பொருந்துற அகச்சிவப்பு ஒளியை மட்டும் உறிஞ்சும், எங்க உறிஞ்சுதுன்னு அலை எண்ணுல, அதாவது ஒரு சென்டிமீட்டருக்குள்ள எத்தனை அலைன்னு குறிப்பாங்க. முனை ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பா இறுக்கமா இருக்கிறதால 950-லேர்ந்து 1050 வரைக்கும் கூர்மையா ஒரு கோடு கொடுக்கும். பால ஆக்சிஜன் தளர்வு, 700-லேர்ந்து 900 வரைக்கும் அகலமா பட்டையா வரும். டங்ஸ்டன் குளோரின் பிணைப்பு 300-லேர்ந்து 400 வரைக்கும், நிறையக் கருவில அவ்ளோ கீழ பாக்கவே முடியாது.

புதுசா வர்றவங்க இங்கதான் தடுமாறுவாங்க. ஒத்தை ஓ-ல இரட்டைப் பிணைப்பு இருக்குன்னு படிச்சுட்டு திட மாதிரியை ஐஆர்ல வெச்சு 1000 பக்கத்துல கூர்மையான கோட்டைத் தேடுவாங்க, அது இருக்காது, கீழ பட்டைதான் இருக்கும், உடனே தப்பாப் போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. தப்பாப் போகல, அது சங்கிலியா இருக்கு, அவ்ளோதான். தலைகீழாவும் நடக்கும், அசிட்டோநைட்ரைல் மாதிரி கரைப்பான் பட்டுட்டா அது நெட்டைப் பிணைப்பு இருந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டு சங்கிலியை அறுத்துடும், 1000 பக்கத்துல அழகா கோடு வரும், ஆனா அது சுத்தமான ஒத்தை ஓ இல்ல, விருந்தாளியோட இருக்கிற ஒத்தை ஓ. மாதிரியை வழக்கம்போல பொட்டாசியம் புரோமைடு வில்லையா அழுத்துறதும் இங்க சரிப்படாது, அது ஈரத்தை இழுக்கும், புரோமின் குளோரினோட இடம் மாறிக்கும். காஞ்ச பாராஃபின் எண்ணெய்ல குழைச்சு வெக்கிறதுதான் வழக்கம்.

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, எக்ஸ்ஆர்டின்னு சொல்றது, இன்னும் நேரடி. படிகத்துல அணு அடுக்கு எவ்ளோ இடைவெளில இருக்கோ அதைப் பொறுத்து எக்ஸ் கதிர் குறிப்பிட்ட கோணத்துல மட்டும் தெறிக்கும். பொடியை மெல்லிய கண்ணாடிக் குழாய்ல அடைச்சு முனையை உருக்கி மூடித்தான் வெக்கணும், திறந்த தட்டுல வெச்சா அளந்து முடிக்கிறதுக்குள்ள நீங்க அளக்கிறது டங்ஸ்டிக் அமிலமா இருக்கும். செம்புலேர்ந்து வர்ற எக்ஸ் கதிர்ல 23-லேர்ந்து 24.5 டிகிரிக்குள்ள மூணு கோடு நெருக்கமா நின்னா அது கரையாம மிஞ்சின ட்ரையாக்சைடு. ஒரே நல்ல படிகம் கிடைச்சு அதை முழுசா அளந்தா ஒவ்வொரு அணுவும் எங்க இருக்குன்னே தெரிஞ்சுடும், டங்ஸ்டனுக்கும் முனை ஆக்சிஜனுக்கும் நடுவுல சுமார் 1.7 ஆங்ஸ்ட்ராம், குளோரினுக்கு சுமார் 2.3. ஒரு ஆங்ஸ்ட்ராம்னா ஒரு சென்டிமீட்டர்ல பத்து கோடில ஒரு பங்கு.

நிறை நிறமாலை ஆவியோட எடையைப் பாக்கும். டங்ஸ்டனுக்கு இயற்கைல 182, 183, 184, 186-னு நாலு எடைல அணுக்கள் கணிசமா இருக்கு, இதைத்தான் ஐசோடோப்புன்னு சொல்றோம், குளோரினுக்கு 35, 37-னு ரெண்டு. ரெண்டும் சேந்தா ஒரு மூலக்கூறுக்கு ஒரு கோடு வராது, ஒரு கொத்தே வரும், கொத்தோட வடிவத்தைப் பாத்து எத்தனை குளோரின்னு சொல்லிடலாம். ஆனா மாதிரியை உள்ள சூடாக்கித்தான் ஆவியாக்குறாங்க, ரெட்டை ஓ-வோட கெட்ட பழக்கம் ஞாபகம் இருக்கா, சுத்தமான ரெட்டை ஓ-வை வெச்சாக்கூட ஒத்தை ஓ-வோட கொத்து தெரியலாம். அதை மட்டும் நம்பி மாசு இருக்குன்னு எழுதிடக் கூடாது.

நீலமோ பச்சையோ தெரிஞ்சா

சிவப்பா இருக்க வேண்டிய மாதிரில பச்சை, பழுப்பு, நீலம்னு ஏதாவது தெரிஞ்சா டங்ஸ்டன் +6 லேர்ந்து இறங்கியிருக்கலாம். +5 லயும் ஒரு ஆக்ஸிகுளோரைடு இருக்கு, ஒரு ஆக்சிஜன் மூணு குளோரின், டங்ஸ்டன் ஆக்ஸிட்ரைகுளோரைடு. ஒத்தை ஓ-வை அலுமினியம் மாதிரி ஒரு ஒடுக்கியோட, அதாவது எலக்ட்ரான் கொடுக்கிற பொருளோட, சூடாக்கினா கிடைக்கும். இங்க மட்டும்தான் ஆக்சிஜனேற்ற எண் நிஜமாவே மாறுது, கவனிச்சீங்களா, மாறினதுக்குக் காரணம் ஆக்சிஜன் இல்ல, ஒரு குளோரின் போனது. +6 ல தனி எலக்ட்ரான் கிடையாது, அதனால காந்தம் அதைக் கண்டுக்காது. +5 ல ஒரு எலக்ட்ரான் மிஞ்சி நிக்கும், கரைசல்ல தனி மூலக்கூறா இருக்கிறப்ப காந்த அளவீட்டுலயும், தனி எலக்ட்ரானைக் காட்டிக் கொடுக்கிற ஈபிஆர் கருவிலயும் அது தெரியும். சுத்தமான +6 பொருள் ஈபிஆர்ல சும்மா இருக்கணும், சத்தம் போட்டா எங்கயோ ஒடுக்கம் நடந்திருக்கு. ஆல்கஹால் பட்டு நீலமான மாதிரியை நிறையப் பேர் பாத்திருப்பீங்க, அதுவும் இந்தக் கதைதான்.

இதெல்லாம் எதுக்கு?

ஹாலஜன் விளக்குக்குள்ள நடக்கிறது இதோட ஒண்ணுவிட்ட சொந்தம். அங்க குளோரினுக்குப் பதிலா பொதுவா புரோமினோ அயோடினோ, இழைலேர்ந்து ஆவியாகிப் போற டங்ஸ்டனை ஹாலஜனும் உள்ள இருக்கிற துளி ஆக்சிஜனும் சேந்து ஆக்ஸிஹாலைடாப் பிடிச்சுக்கும், அது ஆவியாவே சுத்திக்கிட்டு இருந்து சூடான இழை பக்கம் போனதும் உடைஞ்சு டங்ஸ்டனைத் திரும்ப அங்கயே விட்டுடும், அதான் கண்ணாடி கருக்கிறதில்ல. ட்ரையாக்சைடு படலம் மெல்லிசா பூசணும்னா ஒத்தை ஓ-வை ஆவியாக்கி சூடான பரப்பு மேல ஆக்சிஜன் கொடுக்கிற பொருளோட சேத்து விடுவாங்க, மின்சாரம் கொடுத்தா நீலமாகுற ஜன்னல் கண்ணாடில இருக்கிறது அந்த மாதிரி படலம்தான். கார்பன் இரட்டைப் பிணைப்புகளை வெட்டி ஜோடி மாத்தி ஒட்டுற மெட்டதெசிஸ் வினைக்கு 2005-ல வேதியியல் நோபல் கொடுத்தாங்க, அந்த வினைக்கு உதவுற டங்ஸ்டன் வினையூக்கிகள் பலதுக்கு ஆரம்பப் பொருள் ஹெக்ஸாகுளோரைடும் ஒத்தை ஓ-வும். கலப்படமான ஹெக்ஸாகுளோரைடைப் போட்டு ஒரு தடவை வினை ஓடி அடுத்த தடவை ஓடலன்னா, வேற எதையும் மாத்துறதுக்கு முன்னாடி பாட்டில்ல சிவப்பு எவ்ளோ இருக்குன்னு பாத்துட்டு, மிதமான சூட்டுல ஒத்தை ஓ-வைப் பதங்கமாக்கி விரட்டிட்டு மிச்சம் இருக்கிற கருநீலத்தை எடுத்துப் போட்டுப் பாருங்க.